புது மண் போட்ட மேடு

செத்தவர்களுக்கும் சிப்பாய்களுக்கும் பிடித்த இடம் ஒன்றுதான்: மழைக்காலத்தில் வெள்ளம் ஏறாத மணல் மேடு. கோன் சாய் ஊரில் அப்படிப்பட்ட மேடு ஒன்றே ஒன்று இருந்தது. ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் பிணங்களை அங்கேதான் கொண்டுபோய் வைத்தார்கள். பிரெஞ்சுக்காரன் இருந்தபோது அவனும் அங்கேதான் காவல் கூண்டு கட்டினான். அவன் தோற்றுப் போன பிறகு கூண்டு இடிந்து அதன் கல் அடித்தளம் மட்டும் மிஞ்சியது. சுற்றிலும் குடம் கவிழ்த்தாற்போல மண் குவியல்கள், ஒவ்வொன்றின் அடியிலும் யாரோ ஒருவருடைய அப்பாவோ அம்மாவோ.

தோவா தன் புருஷன் லுவோங்கைக் கடலைப் பார்த்த சரிவில் புதைத்தாள். காய்ச்சல் கண்டு செத்தவன். பிள்ளை கிடையாது. சாகக் கிடந்தபோதும் அவனுக்கு வாய்க்கொழுப்புக் குறையவில்லை.

"என் மேல மாடு மேய விட்டுடாதடி. புல்லுப் பிடுங்கன்னா உனக்கு உடம்பு வளையாது, எனக்குத் தெரியும்."

"சாகற நேரத்துல பேச்சைப் பாரு" என்றாள் அவள். ஆனால் அந்தப் பேச்சு அவளுக்குள் தங்கிவிட்டது.

வருஷத்தின் கடைசி மாதத்தில், புத்தாண்டுக்கு முன்பு, கோன் சாயில் ஒவ்வொரு வீடும் மண்வெட்டியோடு மேட்டுக்குப் போகும். புல்லைச் செதுக்கி, மழையில் கரைந்த குவியலின் மேல் புது மண் போட்டு உயர்த்துவார்கள். ஊதுபத்தி, ஒட்டரிசிப் பலகாரம், சாராயம். புது மண் இல்லாத குவியலைப் பார்த்தால் ஊர் உதட்டைப் பிதுக்கும். நாதியத்தவன் என்று அர்த்தம். லுவோங்கின் தம்பி துவான் தன் குடும்பத்தோடு டா நாங் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான். ஆகவே லுவோங் நாதியத்தவனாவதும் ஆகாததும் தோவாவின் மண்வெட்டியில் இருந்தது.

அமெரிக்கர்கள் முதலில் வந்தபோது இரண்டே பேர். நம் அரசாங்கத்துச் சிப்பாய்களின் கூடாரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கூடாரம், அவ்வளவுதான். அதில் ஒருவன் நெட்டையன். அவனோடு ஹுவே நகரத்துப் பையன் ஒருவன் மொழிபெயர்க்க வந்திருந்தான், பேர் கியெம். பெண்கள் மேட்டில் மண் போட்டுக்கொண்டிருந்த நாளில் இருவரும் ஏறி வந்தார்கள்.

"இவங்க சண்டை போட வரலம்மா" என்றான் கியெம். "நம்ம ஆளுங்களுக்குச் சொல்லிக் கொடுக்க வந்திருக்காங்க."

"என்னத்தச் சொல்லிக் கொடுக்க?"

"சண்டை போட."

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "எங்க ஊர் ஆம்பளைங்களுக்கு அதை ஒருத்தர் வந்து சொல்லிக் கொடுக்கணுமா? சாராயத்த ஊத்துங்க, தானா போடுவாங்க."

கியெம் அதை எப்படி மொழிபெயர்த்தானோ, நெட்டையனும் சிரித்தான். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். தோவாவின் மண் கூடையைத் தானே வாங்கித் தூக்கிக்கொண்டு போய் லுவோங்கின் மேல் கொட்டினான். அவள் ஒட்டரிசிப் பலகாரம் ஒன்று கொடுத்தாள். சுற்றியிருந்த இலையோடு கடித்துவிட்டு முழித்தான். நல்ல பையன் என்று எல்லோரும் சொன்னார்கள், அவளும் சொன்னாள். பின்னாளில் அவளுக்கு மற்ற எல்லா அமெரிக்கர்கள் மேலும் வந்த கோபத்தைவிட அந்த நல்ல பையன் மேல் வந்த கோபம்தான் பெரிது. 'கூடையை நானே அவன் கையில கொடுத்தேன்' என்று தன் வாயில் தானே அடித்துக்கொள்வாள்.

மூன்றாம் வருஷம் அவர்கள் கடலிலிருந்து வந்தார்கள். டா நாங் கரையில் பள்ளிக்கூடப் பெண்களை வரிசையில் நிறுத்தி மாலை போட வைத்தார்களாம். மாலையோடு வந்தவர்கள் சொல்லிக் கொடுக்க வரவில்லை. ஆமை போன்ற வண்டிகள் அவளுடைய வள்ளிக்கிழங்குக் கொடிகள் மேல் ஏறி வந்தன. மேட்டைச் சுற்றி முள்கம்பி, கம்பியில் காலி டப்பாக்கள். நம் சிப்பாய்களைக் கீழே ஆற்றோரம் தள்ளிவிட்டு அவர்கள் மேலே ஏறிக்கொண்டார்கள். வருஷக் கடைசியில் ஊர் போய்க் கெஞ்சியது. ஒரு காலைப் பொழுது உள்ளே விட்டார்கள். சாரல் மழையில் நனைந்தபடி எல்லோரும் அவரவர் குவியலில் புல் செதுக்கிப் புது மண் போட்டார்கள். அன்று மேடு முழுக்க மஞ்சள் புள்ளிகளாக, அம்மை போட்டது போல இருந்தது.

மறுநாள் சேதி வந்தது. தோவா ஓடினாள்.

புது மண் தெரிந்த இடமெல்லாம் தோண்டிப் போட்டிருந்தார்கள். இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்து, கம்பி எதிலாவது இடித்தால் தோண்டியிருக்கிறார்கள். லுவோங்கின் பெட்டியில் கம்பி இடித்திருக்கிறது. மூடி பிளந்து, அவனுடைய நெஞ்செலும்பு மழையில் நனைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் காலி சிகரெட் பெட்டி ஒன்று.

அவள் இரண்டு கையாலும் மண்ணை வாரிப் போட்டாள். கியெம் அங்கே ஒரு புதிய அதிகாரியோடு நின்றிருந்தான். ஹுவேப் பையன் இப்போது கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான்.

"துப்பாக்கி தேடினாங்கம்மா" என்றான். "ஆத்துக்கு அந்தாண்ட புதுசா மண்ணு போட்ட ஒரு குவியலுக்குள்ள போன மாசம் துப்பாக்கி கிடைச்சுது. காட்டுல ஒளிஞ்சு சண்டை போடுறாங்களே, அந்தக் காட்டுக்காரங்க வச்சது. அதனால புது மண்ணைப் பார்த்தா இவங்களுக்குச் சந்தேகம்."

"வருஷா வருஷம் போடுற மண்ணுடா! அந்த நெட்டையன் தன் கையால கொட்டினானே, அவனைக் கூப்பிடு. அவனைக் கேளு!"

"அவர் ஊருக்குப் போய் எத்தனையோ நாளாச்சு. இவங்களுக்கு ஒரு வருஷம்தான் முறை. முடிஞ்சதும் போயிடுவாங்க. அடுத்தவன் வருவான்."

"போறவன் வர்றவன்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டானா?"

கியெம் இதை மொழிபெயர்க்கவில்லை.

அன்றைக்குத்தான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. ஊரின் வழக்கம் வருஷத்துக்கு ஒரு முறை. அவர்கள் ஆள் மாறுவதும் வருஷத்துக்கு ஒரு முறை. எந்த அமெரிக்கனும் அந்தப் புது மண்ணை இரண்டாம் தடவை பார்க்கப்போவதில்லை. எத்தனை வருஷம் இருந்தாலும் அவர்களுக்கு இது முதல் வருஷம்தான். ஒவ்வொரு முதல் வருஷமும் வந்து அவள் புருஷனைத் தோண்டும். காட்டுக்காரர்கள் மேலும் அவளுக்கு ஆத்திரம்தான். ஒளித்து வைக்க வேறு இடமா இல்லை? ஆனால் அவர்களிடம் போய்க் கத்த முடியாது. எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்.

அடுத்த வருஷக் கடைசியில் அவள் மண்வெட்டியைத் தொடவில்லை. புல் வளரட்டும் என்று விட்டாள். நாணல் வளர்ந்தது, முட்செடி வளர்ந்தது. பழைய குவியலாகத் தெரிந்தால் தோண்ட மாட்டார்கள். துவான் நகரத்திலிருந்து புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தவன், கம்பிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு நேராக அவள் வீட்டுக்கு வந்தான்.

"என்ன அண்ணி, அண்ணன் மேல காடு மண்டிக் கிடக்கு? ஊரே பார்க்குது. செத்தவனுக்கு ஒரு கூடை மண்ணு போட முடியலையா?"

"போட்டா தோண்டுவான்."

"எல்லாரும் போட்டுக்கிட்டுத்தானே இருக்காங்க?"

"எல்லாரையும் தோண்டிக்கிட்டுத்தானே இருக்கான்! கண்ணு எங்க இருக்கு உனக்கு? நகரத்துல அடகு வச்சுட்டியா?"

"அதுக்காக அவரை நாதியத்தவரா விடுறதா? சாக்குச் சொல்லாதீங்க அண்ணி."

"தம்பி, நீ வந்து கம்பிக்குள்ள படுத்துக் காவல் இரு. நான் மண்ணு போடுறேன். முடியுமா? முடியாதுன்னா வாயை மூடிக்கிட்டு பஸ்ஸைப் பிடி."

அவன் பஸ்ஸைப் பிடித்தான். ஆனால் ஊர் வாயை மூடவில்லை.

பிறகு மணல் மூட்டை வேலை வந்தது. மேலே வர வர ஆட்கள் பெருகி, ஆளுக்கொரு பதுங்குகுழி, குழிக்கு மேல் மணல் மூட்டை. ஊர்ப் பெண்களைக் கூலிக்கு எடுத்தார்கள். ஒருத்தி சாக்கை விரித்துப் பிடிக்க, இன்னொருத்தி மணலை அள்ளிப் போட்டு, வாயைக் கட்டி அடுக்க வேண்டும். மணலை எங்கிருந்து அள்ளுவது? மேட்டிலிருந்துதான். ஊர்ப் பெண்களே தங்கள் தாத்தாக்களை மூட்டை கட்டினார்கள். வேறு வழி இல்லை. கிழங்கு வயலில் வண்டி நிற்கிறது, கடலில் படகு போகக்கூடாது.

தோவா முதல் நாளே போய்ச் சேர்ந்தாள். கூலிக்காக இல்லை. லுவோங்கின் பக்கத்தில் மண்வெட்டி பிடித்து நிற்பவள் தானாக இருக்க வேண்டும் என்று. அவனைச் சுற்றிச் சுற்றி அள்ளினாள், அவனை அள்ளவில்லை. அவளோடு சாக்குப் பிடித்தவள் லியூ. பெரிய வாய்க்காரி.

"அக்கா, இந்த முட்புதருக்கு மட்டும் ஏன் இந்த உபசாரம்? உள்ள யாரு, உன் ஆளா?"

"ஆமா. தூங்குறான். சத்தம் போடாதே."

"உயிரோட இருந்தப்பவும் இப்படித்தான் வேலை செய்ய விடாமப் படுத்துக் கிடப்பாரா?"

"இதைவிட மோசம்."

இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே தோவா கண்ணைத் துடைத்துக்கொண்டாள், வியர்வை என்றாள். ஒரு சிவந்த மூக்குச் சிப்பாய் புதரைக் காட்டி அங்கே அள்ளு என்று சைகை செய்தபோது, அவள் கையைக் கொடுக்குப் போல வளைத்துத் தன் புட்டத்தில் கொட்டிக் காட்டித் துள்ளினாள். தேள் என்று நினைத்தானோ, பாம்பு என்று நினைத்தானோ, பின்வாங்கினான். லியூ சாக்குக்குள் முகத்தைப் புதைத்துக் குலுங்கினாள். அடுத்த வருஷச் சிப்பாய்க்கும் அதே துள்ளல். அதற்கடுத்தவனுக்கும். அவர்கள் ஆள் மாறுவதில் அவளுக்குக் கிடைத்த ஒரே லாபம் அது.

மேடு கரைந்துகொண்டே வந்தது. மூட்டைகளாகி, சுவர்களாகி, குழிகளின் கூரையாகி நின்றது. கடைசியில் லுவோங்கும் புதரும் மட்டும் ஒரு தீவு போல நின்றார்கள்.

அப்போது புதிதாக வந்த அதிகாரிக்கு ஹெலிகாப்டர் இறங்க ஒரு தளம் வேண்டியிருந்தது. சமமாக வேண்டும், கடல் பக்கம் வேண்டும். அங்கே தேள் துள்ளல் எடுபடவில்லை. அவள் புதருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். கியெமை அழைத்து வந்தார்கள். அவன் வாயில் காலையிலேயே சாராய நெடி.

"தோண்டப் போறதில்லம்மா. மேல இருக்கறதச் சமமாக்கி இரும்புத் தகடு போட்டு மூடத்தான் போறாங்க. இனிமே யாரும் தோண்டவே முடியாது. உனக்கு நல்லதுதானே?"

"அவன் நெஞ்சு மேல ஹெலிகாப்டர் இறங்குறது எனக்கு நல்லதா? நீ ஹுவேக்காரன்தானே? உங்கப்பா எங்கே இருக்கார்?"

கியெம் கண்ணாடியைக் கழற்றினான். "ஹுவேயிலதான். அங்க நடந்த சண்டையில கொன்னு மொத்தமாப் புதைச்சாங்க. எந்தக் குழின்னு தெரியல" என்றான். "எந்திரிம்மா. நீ எந்திரிக்கலேன்னா தூக்கிக் கம்பிக்கு வெளிய போடுவாங்க. அப்புறம் மணல் வேலைக்கும் விடமாட்டாங்க. உள்ள இருந்தாத்தான் பார்த்துக்கிட்டாவது இருக்கலாம்."

அவள் எழுந்தாள். எழுந்ததற்காக அவள் தன்னை மன்னிக்கவே இல்லை. புல்டோசர் குவியலின் தலையைச் சீவியது. ஓட்டை ஓட்டையான இரும்புத் தகடுகளை ஒன்றோடொன்று கோர்த்து விரித்தார்கள். புழுதி கிளம்பாமல் இருக்க மேலே கறுப்பு எண்ணெய் தெளித்தார்கள். அவள் கண்ணாலேயே அளந்து வைத்துக்கொண்டாள்: பிரெஞ்சுக்காரன் கூண்டின் அடித்தள மூலைக்கு நேரே, தனிச் சவுக்கு மரத்துக்கு நேரே, இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் லுவோங்.

அதன் பிறகு வருஷக் கடைசியில் அவள் கம்பிக்கு வெளியே ஊதுபத்தி கொளுத்துவாள். ஹெலிகாப்டர் கிளப்பும் காற்றில் அது அணைந்துவிடும்.

அவர்கள் போன விதமும் வந்த விதத்தைப் போலவேதான் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக. ஒருநாள் சலவைக்காரப் பெண்களை நிறுத்தினார்கள். இன்னொரு நாள் மணல் வேலை நின்றது. பிறகு ஒரு காலையில் ஊதுகுழல் ஊதி, அவர்கள் கொடியை இறக்கி நம் கொடியை ஏற்றி, கைகுலுக்கி, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். கியெமை அழைத்துப் போகவில்லை. அவன் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கால் போன போக்கில் ரோட்டில் நடந்தான். முகாம் இப்போது சார்ஜென்ட் வின்னுடைய பொறுப்பு. பக்கத்து ஊர்க்காரன், அவன் அம்மாவை அவளுக்குத் தெரியும். அவள் அன்று மத்தியானமே போய் நின்றாள்.

"வின், அந்தத் தகட்டுல கொஞ்சத்த எடுத்துடு. என் புருஷனுக்கு மண்ணு போடணும்."

"எடுக்க முடியாது அத்தை. ஹெலிகாப்டர் வரும்."

"வரட்டும், அப்பத் திரும்பப் போட்டுக்க."

"அத்தை, இது அரசாங்கச் சொத்து. என் தலையை எடுத்துடுவாங்க."

அவள் அடுத்த வருஷமும் போனாள். ஹெலிகாப்டர் வருவது குறைந்திருந்தது. அதற்கடுத்த வருஷமும் போனாள். தளத்தின் ஓட்டைகளில் புல் முளைத்திருந்தது. வின் ஒரு மணல் மூட்டை மேல் உட்கார்ந்து மீன்சாறு ஊற்றிய வெறும் சோறு தின்றுகொண்டிருந்தான்.

"எந்த ஹெலிகாப்டருக்குடா காவல்? பெட்ரோல் ஏது?"

"பெட்ரோல் இல்ல. பீரங்கி இருக்கு, குண்டு இல்ல. கேட்டா, அங்க அவங்க நாட்டுல பெரியவங்க கூடிப் பேசி முடிவு பண்ணணுமாம்."

"நான் சொல்லட்டுமா அவன் முடிவை? மொதல்ல வந்தப்ப சொல்லிக் கொடுக்க வந்தேன்னான். அப்புறம் கூட நிக்கிறேன்னான். அப்புறம் நீ தள்ளி நில்லு, நான் பார்த்துக்கறேன்னான். இப்ப இது உன் சண்டை, நீயே பாருங்கறான். எவன் சண்டையா இருந்தாலும் மேடு எங்க மேடுடா! அவன் போயிட்டான், இன்னும் அவன் தகட்டுக்கு நீ காவல் நிக்கிற. சோறு போடுறதைக்கூட நிறுத்திட்டான். வெக்கமா இல்ல?"

"இருக்கு" என்றான் வின், சோற்றைப் பார்த்தபடி. "ஆனா தகட்டை எடுக்க முடியாது அத்தை."

மார்ச் மாதக் கடைசியில், மண் போடும் பருவம் தப்பிய ஒரு நாளில், எல்லாம் கவிழ்ந்தது. வடக்கத்திப் படையும் காட்டுக்காரர்களும் வருகிறார்கள் என்று வடக்கேயிருந்து மக்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு டா நாங் பக்கம் ஓடினார்கள். காலையில் பார்த்தால் முகாம் வாசல் திறந்து கிடந்தது. வின்னின் சட்டை முள்கம்பியில் தொங்கியது, ஆளைக் காணோம். ஊர் உள்ளே பாய்ந்தது. பன்றிப்பட்டிக்கு இரும்புத் தகடு போல வருமா? ஆளாளுக்குக் கோர்வையைக் கழற்றி இழுத்தார்கள். தோவாவும் கடப்பாரையோடு இறங்கினாள். அடித்தள மூலைக்கும் சவுக்கு மரத்துக்கும் நேர் பார்த்து நின்று, கால் வைத்த தகட்டையே நெம்பினாள்.

"பாரு, நடுவுல இருக்கற நல்ல தகடா பார்த்துப் பிடிச்சுட்டா" என்றான் ஒருத்தன். "ஒத்தைப் பொம்பளைக்கு எத்தனை பன்றி?"

"எடுத்துக்கோ" என்று தகட்டை அவன் காலடியில் எறிந்தாள். "எல்லாத்தையும் எடுத்துக்கோ. இந்த இடத்தை மட்டும் மிதிச்சே, கடப்பாரை உன் மண்டையில இறங்கும்."

லியூ அவள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். அதன் பிறகு யாரும் மிதிக்கவில்லை.

தகட்டுக்கு அடியில் மணல் தார் போலக் கறுத்து இறுகியிருந்தது. தோவா குத்திப் பார்க்கவில்லை. கம்பியால் குத்துகிறவர்கள் வேறு. பதுங்குகுழிச் சுவரிலிருந்து மணல் மூட்டைகளை இழுத்து வந்தாள். சில அவளே வாய் கட்டியவை. தன் முடிச்சு அவளுக்குத் தெரியும். ஒவ்வொன்றாகக் கிழித்து, அதே மேட்டு மணலைக் கறுப்பின் மேல் கொட்டினாள். வெயிலில் அது பளீரென்று மஞ்சளாகத் தெரிந்தது.

ஆற்றுப் பக்கமிருந்து துப்பாக்கியோடு ஒருவன் ஏறி வந்தான். டயர் செருப்பு, வடக்கத்திப் பேச்சு. இந்த ஊருக்கு அவனும் புதியவன்.

"என்னம்மா புதைக்கிறீங்க?"

"ஒண்ணும் புதைக்கல."

"புது மண்ணா இருக்கே."

லியூ பின்னால் ஒரு அடி நகர்ந்தாள். தோவா மூட்டையைக் கீழே போட்டாள். மண்வெட்டியை எடுத்து, காம்பை அவன் பக்கம் நீட்டினாள்.

"இந்தா. தோண்டு. அமெரிக்கன் கம்பியால குத்தினான், தோண்டினான், தலையைச் சீவினான், எண்ணெய் ஊத்தினான். நம்ம ஆளு அதுக்குக் காவல் நின்னான். மிச்சம் நீதான். உங்க ஆளுங்க அக்கரையில துப்பாக்கி ஒளிச்சு வச்சதுலதான் இதெல்லாம் ஆரம்பிச்சுது. வா, நீயும் பாரு! என் புருஷன் இருப்பான், இல்லேன்னா கறுப்பு மண்ணு இருக்கும். எது இருந்தாலும் பார்த்துட்டு நீயே மூடணும். இதுவரைக்கும் தோண்டினவன் ஒருத்தனும் மூடல."

அவன் மண்வெட்டியைப் பார்த்தான், அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தான். அவன் ஊரிலும் மேடுகள் உண்டு போலும். துப்பாக்கியை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டான்.

"சும்மாதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனான்.

"எல்லாரும் சும்மாதான் கேப்பீங்க" என்று அவன் முதுகைப் பார்த்துக் கத்தினாள்.

பிறகு அடுத்த மூட்டையைக் கிழித்தாள். ஊரில் யாருடைய குவியலும் முழங்காலுக்கு மேல் உயர்ந்ததில்லை. லுவோங்கினுடையது அவள் இடுப்பைத் தொட்டது. "போதும் அக்கா, ரோட்டுலயிருந்தே தெரியும்" என்றாள் லியூ. தெரியட்டும் என்று தோவா இன்னொரு மூட்டையை இழுத்து வரப் போனாள்.